ஓரத்துச் சிப்பாய்

அந்தச் சேர்ல உக்காராதீங்க தம்பி, கால் ஆடும். இங்கிட்டு வாங்க. ஃபேன் காத்து இங்க வராது, ஆனா இங்க உக்காந்தாத்தான் கதவு தெரியும். கதவு தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுங்கிறீங்களா? ஒண்ணும் ஆகாது. ஆனாலும் பாக்கணும்ல.

முதல் செஸ் போட்டியா உங்களுக்கு? அதான பாத்தேன். ஒரு கையில தண்ணி பாட்டில், தோள்ல பிள்ளையோட பை, உள்ள போலாமா கூடாதானு ஒரு முழி. போகக் கூடாது தம்பி. ஆட்டம் ஆரம்பிச்சுட்டா பெத்தவங்களுக்கு இந்தப் பந்திக் கூடம்தான். கல்யாணத்துக்கு வந்தாலாச்சும் எலையைப் போட்டு ரெண்டு வடை வைப்பாங்க. இங்க வெறும் டேபிளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

என் பேரு பால்சாமி. வத்தலகுண்டு ரூட்ல தனியார் பஸ் கண்டக்டர். இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன். அந்தா, அந்தத் தூணுக்குப் பக்கத்துல தனியா உக்காந்து கை வெரலைப் பாத்துக்கிட்டு இருக்கால்ல, நீலச் சுடிதார், அதான் என் பிள்ளை. இலக்கியா. பிளஸ் ஒன் படிக்கிறா. கூப்பிட்டு உங்களுக்குக் காட்டலாம்தான். கூப்பிட மாட்டேன். ஏன்னு சொல்றேன், இருங்க.

முதல்ல ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க பாப்பாவுக்கு வெள்ளைக் காய் வந்தா எதை முதல்ல நகத்தணும்னு சொல்லி அனுப்பிச்சீங்களா? இல்லையா? அட என்ன தம்பி நீங்க! அதைச் சொல்லாம உள்ள விட்டா எப்படி? பச்சப்பிள்ளை, அதுவா யோசிச்சு என்னத்தை வைக்கும்?

நான் ஆட்டம் கத்துக்கிட்டவன் இல்ல. எந்தக் காய் எப்படிப் போகும்னு தெரியும், அவ்வளவுதான். ஆனா இந்த ஆட்டத்தோட சூட்சுமம் எனக்கு முதல் நாளே புரிஞ்சு போச்சு. வெள்ளை வச்சிருக்கவங்கதான் முதல்ல நகத்தணும், இல்லையா? கறுப்பு அதுக்குப் பதில்தான் சொல்லணும். அப்ப யாரு கை ஓங்குது? இதுக்குப் பெரிய புத்தகம் எல்லாம் படிக்க வேண்டியதில்ல தம்பி, எங்க பஸ்ஸ்டாண்டுல வந்து நின்னு பாருங்க. ஒரே ரூட்டு, ரெண்டு வண்டி. முன்னாடி எடுத்தவன் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்கிற ஆளையெல்லாம் வாரிக்கிட்டுப் போயிருவான். பின்னாடி போறவன் காலி சீட்டை ஏத்திக்கிட்டு அவன் வண்டிப் புழுதியைத் தின்னுக்கிட்டே போகணும். டிரைவர் எம்புட்டுத் திறமைசாலியா இருந்தா என்ன? முன்னாடி போனவன் போனவன்தான். வெள்ளைங்கிறது முன்னாடி எடுக்குற வண்டி. அதை நான் தலைகீழா நின்னு சொல்லுவேன்.

அதனால என் பிள்ளைக்கு வெள்ளை வந்தா என்ன வைக்கணும்னு நான் எப்பவோ முடிவு பண்ணி வச்சுட்டேன். ராஜாவுக்கு முன்னாடி நிக்கிற சிப்பாய், ரெண்டு கட்டம். ஒரு கோச்சு சொன்னாரு, நடுவுல எடத்தைப் பிடிக்கிறதுதான் நல்லதுன்னு. பிடிச்சுக்கிட்டேன் அதை. சின்னப் பிள்ளையில இருந்து அதே மூவ்தான். வேற எதையும் தொட விட்டதில்ல. அதுக்கப்புறம் எதிராளி இதை வச்சா நீ இதை வையி, அதை வச்சா அதை வையின்னு கோச்சுகிட்ட எழுதி வாங்கி, காலையில பல்லு வெளக்குறப்பவே ஒப்பிக்கச் சொல்லுவேன். நல்லா ஒப்பிப்பா. அதுல எல்லாம் கெட்டிக்காரி.

ஆனா ஒரு விசித்திரம் பாருங்க. வெள்ளையில சொல்லிக் குடுத்து அனுப்புனா தடுமாறுவா. கறுப்புலதான் எப்படியோ தப்பிச்சுத் தப்பிச்சு ஜெயிச்சுப்புடுவா. கறுப்புக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்க முடியாது, எதிராளி என்ன வைப்பாங்கனு நமக்கு எப்படித் தெரியும்? அதுபாட்டுக்கு ஆடட்டும்னு விட்டுருவேன். அதுல ஜெயிக்கிறதெல்லாம் அவ அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா, சொல்லுங்க?

நான் கண்டிப்பானவன்லாம் இல்ல தம்பி. அவளை எதுலயும் கட்டாயப்படுத்துனதே கிடையாது. அவ ஒண்ணைக் கேக்குறதுக்கு முன்னாடியே நானே செஞ்சு வச்சுருவேன். எந்தக் குரூப்பு எடுக்குறதுனு அவ ஒரு நாள் உக்காந்து கவலைப்பட்டதில்ல, நானே போய் சேத்துட்டு வந்தேன். தோசை ஒண்ணா ரெண்டானு கூட யோசிக்க வேணாம், ரெண்டுதான். ஆட்டம் இருக்குற அன்னைக்கு மோர் கிடையாது, தூக்கம் வரும். முடியை வெட்டி விட்டேன், குனிஞ்சா கண்ணுல விழுகுதுன்னு. எந்த அப்பன் இப்படிப் பாப்பான்?

இருங்க, மைக்ல என்னமோ சொல்றாங்க. இல்ல, யாரோ சாவியத் தொலைச்சுட்டாங்களாம்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங். இன்னைக்கு என் பிள்ளைக்குக் கடைசி ரவுண்டு. முன்னணியில இருக்க ரெண்டு பேரு ஆடுற முதல் போர்டு. எதிராளி ஷிவானினு ஒரு பொண்ணு, வக்கீல் வீட்டுப் பிள்ளை, போன வருஷம் முதலிடம் அதுதான். இன்னைக்கு முதலிடம் வர்ற பொண்ணுக்கு மெட்ராஸ்ல ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடம். படிப்பும் அங்கதான், பயிற்சியும் அங்கதான். என் பிள்ளை ஜெயிச்சே ஆகணும். டிரா ஆனாலும் அந்தப் பொண்ணுக்குப் போயிரும். கம்ப்யூட்டர்ல பாத்தேன், என் பிள்ளைக்குத்தான் வெள்ளை. சந்தோசப்பட வேண்டியதுதான? படல. ஏன்னா அந்த ஆளு வர்றாரு.

யாரா? சீஃப் கெஸ்ட்டு. அரிசி மில்லு சௌந்தரபாண்டி.

போன வருஷம் நடந்ததைக் கேளுங்க, அப்ப உங்களுக்கே புரியும். இதே மண்டபம், இதே கடைசி ரவுண்டு, இதே ஷிவானி. அன்னைக்கும் என் பிள்ளைக்கு வெள்ளை. நான் கும்பிடாத சாமி இல்ல. இந்தப் போட்டிகள்ல ஒரு பழக்கம் உண்டு தம்பி, நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சீஃப் கெஸ்ட்டா வர்றவங்க முதல் போர்டுல வெள்ளைக்காக முதல் காயை நகத்தி ஆட்டத்தைத் தொடங்கி வைப்பாங்க. கடை திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டுற மாதிரி. பிள்ளைகிட்ட 'எதைம்மா வைக்கணும்'னு கேப்பாங்க, பிள்ளை சொல்லும், அதை வச்சுட்டு போட்டோவுக்குச் சிரிச்சுட்டுப் போயிருவாங்க. வழக்கமா முதல் நாளு நடக்குறது. போன வருஷம் அவரு மில்லுல ஏதோ வேலைன்னு கடைசி நாளுதான் வந்தாரு. கடைசி ரவுண்டைத் தொடங்கி வைக்கச் சொல்லிட்டாங்க.

வந்தாரு மனுசன். வெள்ளை வேட்டி, நெத்தி நெறையத் திருநீறு, பின்னாடி நாலு பேரு. போட்டோக்காரன் ரெடி. கதவு அப்பத் தெறந்துதான் இருந்துச்சு, நான் எக்கிப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ராஜா சிப்பாய்க்குத்தான் கை போகும்னு பாக்குறேன். கை போகுது, போகுது, நடுவைத் தாண்டி ஓரத்துக்குப் போகுது! அந்தக் கடைசி மூலையில யானைக்கு முன்னாடி ஒரு சிப்பாய் நிக்கும் பாருங்க, அதைத் தூக்கி ரெண்டு கட்டம் தள்ளி வச்சுட்டாரு. ஓரத்துச் சிப்பாயை! ஊரெல்லாம் சண்டை நடுவுல நடக்குறப்ப ஊர் எல்லையில போய் குச்சி நட்ட மாதிரி. எல்லாரும் கை தட்டுறாங்க. போட்டோக்காரன் 'சார், இன்னொருவாட்டி'ங்கிறான்.

ஆர்பிட்டர்னு நடுவரு ஒருத்தர், நல்ல மனுசன். அவரு பிள்ளைகிட்ட குனிஞ்சு, 'அதை எடுத்துப் பழைய எடத்துல வச்சுட்டு உன் மூவை வச்சுக்கம்மா, இது கணக்குல வராது'ன்னாராம். என் பிள்ளை என்ன செஞ்சா தெரியுமா? தலையை ஆட்டிட்டா. இருக்கட்டும் சார்னுட்டாளாம். பெரியவரு வச்சதை எடுக்கக் கூடாதுங்கிற மரியாதை தம்பி! நான் அப்படி வளத்துருக்கேன். என் வளப்பே எனக்கு எமனா வந்து நிக்குது பாருங்க.

அதோட கதவைச் சாத்திட்டாங்க. நான் இதே கூடத்துல கூண்டுல போட்ட மாதிரி அலையிறேன். போச்சு, முன்னாடி எடுக்க வேண்டிய வண்டி நிக்குது, பின்னாடி வண்டி கெளம்பிருச்சு. அப்ப உள்ள தண்ணி வைக்கப் போய்ட்டு வந்த ஒருத்தர் சொல்றாரு, 'உங்க பொண்ணு ஆட்டம் நல்லா இருக்குண்ணே, ஷிவானி தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துருக்கு'ன்னு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஆறுதல் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? முதல் மூவே நாசமாப் போனப்புறம் ஆட்டம் எப்படி நல்லா இருக்கும்?

பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். பெத்த மனசு கேக்குமா? கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போய்ட்டேன். 'நிறுத்துங்க! இது நியாயம் இல்ல! அந்த மூவ் என் பிள்ளை வச்சது இல்ல, முதல்ல இருந்து ஆரம்பிங்க!'ன்னு கத்திட்டேன். சும்மா இல்ல, பஸ்ஸ்டாண்டுல டைம் சண்டை போடுற தொண்டை. மொத்த ஹாலும் திரும்பிப் பாக்குது. ஆர்பிட்டர் ஓடி வந்து கடியாரத்தையெல்லாம் நிறுத்துறாரு. ரெண்டு பையங்க என் தோளைப் பிடிச்சு வெளிய தள்ளுறாங்க. ஒரு பொடிசு பயந்து அழுகுது. நியாயத்துக்கு எங்க தம்பி மரியாதை இருக்கு? என் பிள்ளை மட்டும் திரும்பவே இல்ல. ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு போர்டையே பாத்துக்கிட்டு இருந்தா.

அப்புறம் என்ன? மறுபடி ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ராணியைத் தூக்கிக் குடுத்துட்டா. தோத்துட்டா. பாத்தீங்களா, ஒரு முதல் மூவ் என்ன பாடு படுத்துதுன்னு?

நான் விடல. மறுவாரம் அந்த மில்லுக்கே போனேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு போனேன். அந்த மனுசன் சேரை இழுத்துப் போட்டு, டீ வாங்கிட்டு வரச் சொல்றாரு. 'ஐயா, உங்க பாப்பாகிட்ட எதைம்மா வைக்கணும்னு கேட்டேன். உங்க இஷ்டம் சார், எதை வேணா வைங்கன்னுச்சு. எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, கைக்குப் பக்கத்துல இருந்ததைத் தள்ளுனேன். தப்பா வச்சுட்டேனா பாப்பானு கேட்டேன். இல்ல சார், இது நல்லா இருக்குன்னு சொல்லி நல்லாச் சிரிச்சுச்சு'ங்கிறாரு. சிரிச்சாளாம்! போட்டி நடக்குற எடத்துல என் பிள்ளை சிரிச்சு இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவை பாத்ததில்ல தம்பி. பெரிய மனுசன், வாயைத் தொறந்தா பொய். டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

அன்னைக்குத் தோத்துட்டு வீட்டுக்குப் போனோமே, பஸ்ல அவ லேடீஸ் சீட்ல முன்னாடி போய் உக்காந்துட்டா. நான் பின்னாடி. எறங்கி வீட்டுக்கு நடக்குறோம், பேசல. சரி, தோத்த வருத்தம்னு நெனச்சேன். மறுநாளும் பேசல. அதுக்கு மறுநாளும் பேசல. இன்னைக்கு வரைக்கும் பேசல.

ஆமா தம்பி. ஒரே வீட்டுக்குள்ளதான். 'அம்மா, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு'ம்பா, நான் ரெண்டடி தள்ளி உக்காந்துருப்பேன். காதுல விழுகும். நானும் எந்திரிக்காம வாசுகி சொல்றவரைக்கும் காத்துக்கிட்டு இருப்பேன். வாசுகிங்கிறது எங்க வீட்ல. அவகிட்ட என்னதாண்டி பிரச்சினை அவளுக்குன்னு கேட்டா, 'உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க'ன்னுட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பா. இன்னைக்கு வாசுகி அவ அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டா. அதனால நாங்க ரெண்டு பேரு மட்டும் வந்தோம். காலையில வத்தலகுண்டுல ஏறி இங்க எறங்குற வரைக்கும் ஒரு பேச்சு இல்ல. எலுமிச்சஞ்சாதம் கட்டிக்கிட்டு வந்தேன். கையில குடுத்தா வாங்க மாட்டாளோனு பயந்து, அந்தத் தூணு பக்கம் சேர்ல வச்சுட்டு நான் பாட்டுக்கு இங்கிட்டு வந்துட்டேன். சாப்பிட்டா. டப்பாவைக் கழுவி அதே சேர்ல வச்சிருக்கா, பாருங்க.

என்ன, நானே முதல்ல பேசலாமேங்கிறீங்களா? நல்லாருக்கே! அப்பன்காரன் முதல்ல எறங்கிப் போனா அப்புறம் அந்த வீட்ல அப்பனுக்கு என்ன மதிப்பு? அவ பேசட்டும். அவதான சின்னவ. நான் எதுக்குப் பேசணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்?

அதுவும் இல்லாம, பேசணும்னு நெனைச்சாலும்... சரி விடுங்க.

காலையில வந்ததும் முதல் வேலையா செஸ் சங்கச் செயலாளரைப் பிடிச்சேன். 'சார், கும்பிட்டுக் கேக்குறேன், இந்த வருஷமாச்சும் அந்த மில்லுக்காரரைக் காய் பக்கம் விட்டுறாதீங்க. குத்துவிளக்கு ஏத்தட்டும். பரிசு குடுக்கட்டும். நாலு பொன்னாடை வேணா போத்துங்க'ன்னேன். 'மண்டபமே அவரு தயவுல கெடச்சது பால்சாமி, நான் எப்படிச் சொல்லுவேன்'ன்னு தோளைத் தட்டிட்டுப் போயிட்டாரு. ஆர்பிட்டர்கிட்ட போனேன். அவரு என்னைத் தூரத்துல பாத்ததுமே, 'அண்ணே, இந்த வருஷம் கதவுக்கு உள்பக்கமாத் தாப்பாப் போட்டுருவேன்'ங்கிறாரு. யாருகிட்டப் போய்ச் சொல்றது? கண்ணு முன்னாடி என் பிள்ளை மூவை இன்னொருத்தன் எடுத்து வைக்கப் போறான், நான் இங்க உக்காந்து டேபிளை எண்ணிக்கிட்டு இருக்கேன்.

உஷ்! மைக்கு. இருங்க.

...

தம்பி! கேட்டீங்களா? நீங்களும் கேட்டீங்கள்ல? வரலையாம்! சௌந்தரபாண்டி வரலையாம்! சொந்தத்துல ஒரு துக்கமாம், நேராப் பரிசு குடுக்கத்தான் வருவாராம். அய்யா சாமி, யாரு செத்தாங்களோ, அவங்க நல்ல கதிக்குப் போகட்டும். நான் அப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனா என் நெஞ்சுல இருந்து ஒரு கல்லு எறங்குன மாதிரி இருக்கு.

இந்தா, எந்திரிச்சுப் போறா. பாருங்க, பையை வச்சுட்டுப் போறா. இங்கிட்டுத் திரும்பலை. பரவாயில்ல, போ தாயி, போ. வாசுகிக்குப் போன் போட்டு ஏற்கனவே சொல்லச் சொல்லிட்டேன், 'ராஜாவுக்கு முன்னாடி, ரெண்டு கட்டம், வேற எதையும் யோசிக்க வேணாம்'னு. 'அவளுக்குத் தெரியாதா'ன்னா வாசுகி. தெரியும்தான். தெரிஞ்சாலும் சொல்லணும்ல.

வாங்க, கதவுகிட்டப் போவோம். சின்னதா ஒரு கண்ணாடி இருக்கு, அது வழியாப் பாக்கலாம். உங்க பாப்பாவும் தெரியும். அந்தா, கடைசி வரிசையில ஆரஞ்சுச் சட்டை, உங்க பாப்பாதான? தைரியமா உக்காந்திருக்கு. நீங்க கவலைப்படாதீங்க.

என் பிள்ளை இந்தப் பக்கம், முதல் போர்டு. முகம் நமக்கு நேராத் தெரியுது. கை குடுத்துக்கிட்டாங்க. ஷிவானி கடியாரத்தைத் தட்டிட்டா. அப்படின்னா என் பிள்ளை நேரம் ஓட ஆரம்பிச்சிருச்சு. வையி தாயி. நடுவுல. ரெண்டு கட்டம். வையி.

ஏன் வைக்க மாட்டேங்கிறா?

கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருக்கா பாருங்க. நேரம் ஓடுதுல்ல! இதுல யோசிக்க என்ன இருக்கு? சின்னப் பிள்ளையில இருந்து வச்ச மூவ். கண்ணைக் கட்டி விட்டாலும் கை அங்கதான் போகும். உடம்புக்கு எதுவும் பண்ணுதோ? ஷிவானி கூட நிமிந்து பாக்குறா. அய்யோ, ஒரு தடவை உள்ள போய்ச் சொல்லிட்டு வந்துரலாம்னு இருக்கு. ஒரே ஒரு வார்த்தை. சைகையாச்சும். கண்ணாடி வழியா ரெண்டு வெரலைக் காட்டுனாத் தெரியுமா?

இரு, கையை எடுத்துட்டா. எடுத்துட்டா தம்பி. போகுது...

நடுவுல இல்ல. எங்க போகுது? ஏ, எங்க போற?

ஓரத்துச் சிப்பாய்.

தம்பி, அந்த ஓரத்துச் சிப்பாயை எடுத்து ரெண்டு கட்டம் வச்சுட்டா. அந்த மில்லுக்காரர் வச்ச அதே சிப்பாய். அதே எடம். யாரு சொன்னா அவளுக்கு? அந்த ஆளு பின் வாசல் வழியா வந்துட்டாரா? நீங்க பாத்தீங்களா, வெள்ளை வேட்டி யாரும் இருக்காங்களா உள்ள? இல்லையே. யாரும் பக்கத்துல இல்லையே. அவளாத்தான் வச்சா. நான் பாத்தேன், நீங்களும் பாத்தீங்கள்ல? அவளாத்தான்...

சிரிக்கிறா தம்பி.

காய்களைப் பாத்துக்கிட்டுச் சிரிக்கிறா. லேசாத்தான். ஆனா சிரிக்கிறா.

கையை விடுங்க. நான் கதவைத் தள்ள மாட்டேன். சத்தம் போட மாட்டேன், விடுங்க. இல்ல... விடாதீங்க. பிடிச்சுக்கங்க. அப்படியே கூட்டிக்கிட்டுப் போய் அந்தச் சேர்ல உக்கார வச்சிருங்க.

தண்ணி குடுங்க கொஞ்சம்.

ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. இன்னைக்கு அவ ஜெயிக்கணும்னுதான் நான் சாமியைக் கும்பிட்டேன். முழு மனசாத்தான் கும்பிட்டேன். ஆனா ஜெயிச்சா அவ போயிருவா தம்பி. ஹாஸ்டலுக்கு. அடுத்த வாரமே கூட்டிக்கிட்டுப் போயிருவாங்களாம். பேசாமலே போயிருவா. இப்பயாச்சும் ரெண்டடி தள்ளி உக்காந்து 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு'ன்னு சொல்றது காதுல விழுகுது. போயிட்டா அதுவும் இல்ல. மெட்ராஸ்ல அவ எத்தனை தோசை தின்னானு எனக்கு எப்படித் தெரியும்? தோத்தா வீட்ல இருப்பா, ஆனா எனக்குப் பயமா இருக்கு, தோத்தா இனிமே எப்பவுமே பேச மாட்டாளோன்னு. ரெண்டு பக்கமும் அடைச்சுருச்சு. நான் என்ன செய்யட்டும்?

நான் ஒண்ணும் செய்ய முடியாது, அதான். கதவு சாத்திருக்கு.

பஸ்ல எல்லாம் எனக்கு இப்படி ஆனதே இல்ல. டிரைவர் தூங்குனாக் கூட நான் விசில் அடிச்சு நிறுத்திருவேன். இங்க விசில் அடிக்க எனக்கு உரிமை இல்ல. நீங்களே சொல்லுங்க, அந்த ஓரத்துச் சிப்பாயில அப்படி என்ன இருக்கு? எனக்குப் புரியல. நடுவுல வைக்கிறதுதான நல்லது? கோச்சு சொன்னாரே. வெள்ளை கையில இருக்கு, முன்னாடி எடுக்குற வண்டி, அதைப் போய் சும்மா ஒரு ஓரமா நிறுத்திட்டு, நீ முதல்ல போம்மானு அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்த மாதிரி... அப்படி எவனாச்சும் குடுப்பானா? கறுப்புல ஆடுற மாதிரி ஆடுறதுக்கா வெள்ளை வாங்குனா?

உங்க பாப்பா வந்துருச்சு பாருங்க. என்னடா கண்ணு, தோத்துட்டியா? அழுகாத. அப்பா மடியில உக்காந்துக்க. தம்பி, பிள்ளையைத் திட்டிறாதீங்க. நீங்க திட்ட மாட்டீங்க, தெரியுது. நீங்க ஒண்ணுமே கேக்கல அதுகிட்ட. பிஸ்கட்டை மட்டும் எடுத்துக் குடுக்குறீங்க. அதுவாச் சொல்லுது பாருங்க, எந்தக் குதிரை எங்க போச்சுன்னு.

ரொம்ப நேரமாச்சு. எல்லாப் பிள்ளைகளும் வந்துருச்சுக. முதல் போர்டு மட்டும்தான் பாக்கி போல. பந்திக் கூடமே காலியாயிருச்சு.

கதவு தெறக்குது.

ஷிவானிதான் முதல்ல வருது. அந்தப் பொண்ணு அழுகுதா? அவங்கம்மா தோள்ல சாஞ்சுக்கிட்டாளே. அப்ப... ஏப்பா, கதவுகிட்ட நிக்கிற பையா, நீ உள்ள இருந்துதான வர்ற? முதல் போர்டு என்னாச்சுப்பா? வெள்ளையா? வெள்ளைதான் ஜெயிச்சுச்சா? நல்லாத் தெரியுமா?

ஜெயிச்சுட்டாளாம் தம்பி. என் பிள்ளை ஜெயிச்சுட்டாளாம்.

நான் சொல்லல? வெள்ளைன்னா வெள்ளைதான். நான் அப்பவே சொல்லல...

அந்தா, வெளிய வந்துட்டா. தூணு பக்கம் போயி பையை எடுக்குறா. சாதம் கொண்டாந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டா. அம்மாவுக்குப் போன் பண்ணுவா இப்ப, பாருங்களேன். போனை எடுத்துட்டாளா? கையிலதான் வச்சிருக்கா. பண்ணலையே. நிக்கிறா. என்னைப் பாக்குறா தம்பி. என்னைத்தான் பாக்குறா.

இங்க வர்றா.

நீங்க போயிறாதீங்க. உக்காருங்க, தயவுசெஞ்சு உக்காருங்க. நானே முதல்ல பேசலாமேன்னு கேட்டீங்கள்ல? பேசிடுறேன். பேசிடணும், அவ ஏதாச்சும் சொல்லிட்டுப் போறதுக்கு முன்னாடி நான் பேசிடணும். ஆனா என்னத்தைச் சொல்றது? நான் அவகிட்ட இதைச் செய்யி, அதை வையி, சாப்பிடு, படுன்னுதான் சொல்லிருக்கேன். வேற எதைச் சொல்லி ஆரம்பிக்கிறதுனு எனக்குத் தெரியல. பிள்ளைகிட்ட முதல்ல என்ன பேசுவாங்க தம்பி? நீங்களே ஒண்ணு சொல்லிக் குடுங்க, நான் அதையே சொல்லிடுறேன். சீக்கிரம் சொல்லுங்க, கிட்ட வந்துட்டா.